கால் வீங்கலையே, அதுக்கு ஸ்தோத்திரம் சொன்னோமா?

வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயந்தான், ஆசீர்வாதம். கர்த்தருக்கு நன்றி சொல்ற ஸ்தோத்திர பண்டிகையும், சபையா சேர்ந்து சாப்பிடுற அசனமும் வர்ற நேரம், எல்லாரு மனசுலயும் அதுதான் ஓடுது போல. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு எடுத்து வச்சுட்டு இத மட்டும் பேசுவோம்.

கேள்வி: அக்கா, எங்க கோயில்ல ஸ்தோத்திர காணிக்கை கவர் குடுத்துருக்காவ. கர்த்தர் செஞ்ச நன்மைய மேல எழுதி போடணும், சர்ச் ஐயர் ஒவ்வொண்ணா வாசிப்பாரு. போன வருஷம் புது வீடு, புது கார், மகனுக்கு கனடாவுல வேலை, மகளுக்கு டாக்டர் சீட்டுன்னு வாசிச்சுக்கிட்டே போனாரு. நான் பீடி சுத்துறேன், வீட்டுக்காரரு கொத்தனாருக்கு கையாள், மக பாளையங்கோட்டைல காலேஜ் ரெண்டாவது வருஷம், பஸ்ஸுல போயிட்டு வாரா. 8 வருஷமா பேசாம இருந்த நாத்தனாகிட்ட இந்த வருஷம் நானே போய் பேசிட்டேன், அது ஒண்ணுதான் நிம்மதி. வீடு ஓட்டு வீடு, மழைக்கு ஒழுகுது. எனக்குன்னு எழுத ஒண்ணுமே இல்ல. கர்த்தர் என்ன மறந்துட்டாரா?
— பெயர் வேண்டாம், ஆலங்குளம் பக்கம்

பதில்: உங்க லெட்டர மூணு தடவ வாசிச்சேன்மா. ஒழுகுற வீட்டுல உக்காந்து பீடி சுத்துறவங்களுக்கு அந்த கவர் வாசிக்கிற நேரம் எவ்வளவு பாரமா இருக்கும்னு எனக்கு தெரியும், நானும் அந்த மாதிரி வீட்டுல பொறந்தவதான். அதனால முதல்ல எங்க வீட்டு கதைய சொல்லிடுதேன்.

எங்க அப்பா பனையேறி. சீசன் வந்தா ஒரு நாளைக்கு 30, 40 பனை, காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ ஏறணும், கால்ல தளைநார், இடுப்புல அருவாப்பெட்டி, மேல கம்பியும் கிடையாது கயிறும் கிடையாது, பிடிச்சுக்கிட்டு நிக்கிறது ஓலை மட்டைய மட்டுந்தான். பனையில கட்டின கலயத்துல இருந்து அப்பா இறக்கிட்டு வர்ற பதநீர அம்மை விடிலியில, அதாவது காய்ச்சுற குடிசையில வச்சு காய்ச்சுவாவ, அந்த வெக்கைல அவ்வளவு நேரம் நிப்பாவ, கண்ணு ரெண்டும் எப்பவும் செவந்தே இருக்கும். சாயங்காலம் இருட்டுற நேரம் அப்பா வந்து அருவாப்பெட்டிய திண்ணைல வைக்கிற சத்தம் கேக்கும், டொக்குன்னு. அந்த சத்தம் கேட்ட உடனே அம்மை அடுப்படியில இருந்தபடியே மெதுவா "ஸ்தோத்திரம் ஆண்டவரே"ம்பாவ. தினமும். நாங்க பிள்ளைங்க அத ஏதோ தும்மினா நூறுன்னு சொல்றமாதிரி ஒரு வாய்ப்பழக்கம்னுதான் நினைச்சோம்.

எனக்கு பத்து வயசு இருக்கும்போது எங்க தெருவுல ஒருத்தரு பனையில இருந்து விழுந்துட்டாரு. அன்னைக்கு சாயங்காலம் அந்த வீட்டு திண்ணைல அருவாப்பெட்டி சத்தம் கேக்கல. அன்னைக்கு ராத்திரி எங்க அம்மை அடுப்பு முன்னால உக்காந்து அழுத அழுகைய பார்த்த பிறகுதான் எனக்கு புரிஞ்சுது, தினமும் அவங்க எதுக்கு ஸ்தோத்திரம் சொன்னாவன்னு. அப்பா இறங்கி வந்துட்டாரு, அதுக்கு. அத எந்த கவர்லயும் எழுத முடியாது, ஏன்னா ஒண்ணும் நடக்கல, அப்பா விழல, அவ்வளவுதான் விஷயம்.

பைபிள்ல உபாகமம் 8ஆம் அதிகாரத்துல, எகிப்துல இருந்து வந்து 40 வருஷம் வனாந்தரத்துல நடந்த இஸ்ரவேல் ஜனங்ககிட்ட மோசே பழசெல்லாம் ஞாபகப்படுத்துறாரு. வானத்துல இருந்து வந்த மன்னா ஆகாரத்த சொல்லுதாரு, கன்மலையில இருந்து வந்த தண்ணிய சொல்லுதாரு, இதெல்லாம் கண்ணால பார்த்தது, சரி. ஆனா நடுவுல ஒரு வரி, 4ஆம் வசனம்: "இந்த நாற்பது வருஷமும் உன்மேல் இருந்த வஸ்திரம் பழையதாய்ப் போகவும் இல்லை, உன் கால் வீங்கவும் இல்லை." இத நான் எத்தன வருஷம் வாசிச்சு தாண்டிப் போயிருக்கேன் தெரியுமா. செங்கடல் பிளந்தப்ப பாட்டு பாடினாங்க, மிரியாம் தம்புரு எடுத்துட்டு ஆடினா. கால் வீங்காததுக்கு யாராவது பாட்டு பாடினாங்களா? வீங்குனாதான காலையே குனிஞ்சு பார்ப்போம். 40 வருஷம் முடிஞ்சு மோசே எடுத்து சொன்ன பிறகுதான் அவங்களே தங்க கால பார்த்திருப்பாங்கன்னு நான் நினைக்கேன்.

அதே ஜனங்களோட இன்னொரு காரியம், யாத்திராகமம் 13:17. எகிப்துல இருந்து கானானுக்கு பெலிஸ்தர் தேசம் வழியா போனா கிட்ட. ஆனா யுத்தத்த பார்த்தா பயந்து திரும்பிடுவாங்கன்னு தேவன் அந்த வழியா கூட்டிட்டு போகாம வனாந்தரத்து வழியா சுத்த வச்சாரு. அந்த காரணத்த அன்னைக்கே அவங்ககிட்ட சொன்னதா அங்க எழுதல. கால்நடையா சுத்திப் போறவங்களுக்கு அது தண்டனை மாதிரிதான இருந்திருக்கும்.

இப்ப உங்க லெட்டருக்கு வாரேன். மக காலேஜுக்கு பஸ்ஸுல போயிட்டு வாரான்னு போற போக்குல எழுதிட்டீங்க. உங்க ஆச்சிக்கு கையெழுத்து போட தெரியுமா? எங்க ஆச்சிக்கு தெரியாது, பெருவிரல் ரேகைதான். பாளையங்கோட்டைல சாராள் தக்கர் காலேஜ் இருக்குல்லா, 1895ல காலேஜ் ஆச்சு, அந்த பேருக்கு சொந்தக்காரி சாராள் தக்கர் அம்மா இந்தியாவுக்கு வந்ததே இல்ல. இங்கிலாந்துல உடம்பு முடியாம இருந்தவங்க. அவங்க அண்ணன் மெட்ராஸ்ல மிஷனெரி, அண்ணன் மூலமா நம்ம ஊரு பொம்பளப் பிள்ளைங்க படிப்பில்லாம இருக்கிறத கேள்விப்பட்டு, நடக்க முடியாட்டாலும் பிள்ளைங்க படிக்கணும்னு இருந்த இடத்துல இருந்தே பாடுபட்டாங்க. அவங்க 1857ல இறந்து போனாங்க, அதுக்கு அப்புறம் அவங்க சிநேகிதிங்க சேர்த்த பணத்துல வந்ததுதான் அந்த பேருல உள்ள ஸ்தாபனம். தாமிரபரணிய பார்க்காதவங்க, நம்ம வெயில பார்க்காதவங்க, நம்ம பிள்ளைங்க ஒருத்தி முகத்தக்கூட பார்க்காதவங்க. உங்க மக எந்த காலேஜ்ல படிச்சாலும் சரி, பாளையங்கோட்டைக்கு ஒரு பொம்பளப் பிள்ள புத்தகத்தோட பஸ் ஏறிப் போறதுக்கு அப்படி ஆளுங்க வழி போட்டு வச்சாங்க. நீ வெட்டாத துரவு, நீ நடாத தோட்டம்னு உபாகமம் 6ல வருதே, உங்க மக தினமும் குடிக்கிறது அந்த துரவு, அந்த கிணத்து தண்ணிதான்மா.

அப்புறம் நாத்தனா. 8 வருஷம் பேசாதவங்ககிட்ட நீங்களா போய் பேசினீங்கன்னு ஒரே வரியில எழுதிட்டு அடுத்த வரியில ஓட்டு வீட்டுக்கு போயிட்டீங்க! எபேசியர் 1ல பவுல் "ஆவிக்குரிய சகல ஆசீர்வாதம்"னு ஆரம்பிச்சு பாவ மன்னிப்ப பத்தி எழுதுறாரு. பாவ மன்னிப்பு கண்ணுக்கு தெரியாது, யாரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வைக்க முடியாது, ஆனா அது ஒரு ஆளுக்குள்ள இறங்கிடுச்சுன்னா அந்த ஆளு நாத்தனா வீட்டு வாசப்படில போய் நிக்கும். நம்ம பக்கம் சொத்து தகராறுல அண்ணன் தம்பி ஒரே கோயில்ல ரெண்டு வாசல் வழியா வந்து போறத எத்தன பார்த்திருக்கோம், சாவு வீட்டுலகூட முகத்த திருப்பிட்டு நிப்பாங்க. உங்களுக்கு அந்த கால் எப்படி நடந்துச்சு? நீங்களா நடந்தீங்க, உண்மைதான், ஆனா 8 வருஷம் நடக்காத காலு.

வீடு ஒழுகுறது கஷ்டந்தான், அத ஆசீர்வாதம்னு நான் சொல்ல மாட்டேன், வேற யாரும் சொன்னா நம்பாதீங்க. ஓடு மாத்துறதுக்கு ஜெபம் பண்ணுங்க, சபை சங்கத்துல தயங்காம சொல்லுங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. சபையா கூடி இருக்கிறது பின்ன எதுக்கு. கவர்ல மட்டும், "நாத்தனாகூட பேசினேன்"னு எழுதுங்க. ஐயர் அத வாசிக்கும்போது கார் வாங்கினவங்ககூட தலைய குனிவாங்க, ஏன்னா பேசாத நாத்தனா அவங்களுக்கும் ஒருத்தி இருப்பா.

கேள்வி: அப்போ கார், வீடுன்னு ஸ்தோத்திரம் சொல்றது தப்பா அக்கா? நாங்க இந்த வருஷந்தான் லோன் போட்டு வீடு கட்டினோம்.
— திசையன்விளை

பதில்: தப்பே இல்ல. நன்மையான எந்த ஈவும் மேல இருந்துதான் வருதுன்னு யாக்கோபு எழுதிருக்காரு, அதுல செங்கலும் சிமெண்டும் சேந்ததுதான். நல்லா சந்தோஷமா சொல்லுங்க. அந்த வீட்டுல யார கூப்பிட்டு சாப்பாடு போட்டீங்கன்னும் சேத்து சொன்னீங்கன்னா கேக்குறவங்களுக்கு இன்னும் நல்லா இருக்கும்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி குரூப் 4ல ரெண்டு தடவ கட் ஆஃப் பக்கத்துல வந்து போச்சு. வீட்டுல, சபையில எல்லாரும் "இதுவும் ஒரு மறைவான ஆசீர்வாதம் தம்பி, சகலமும் நன்மைக்கே"ன்னு சொல்றாங்க. எனக்கு கோவம் கோவமா வருது. கோவப்படுறது பாவமா? கிடைக்காம போனது எப்படி ஆசீர்வாதம் ஆகும்?
— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: தம்பி, கோவம் நியாயமானதுதான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைப்ரரி நோட்ஸ வச்சு படிச்சவனுக்கு வலிக்கத்தான் செய்யும். அழுதவங்க, சண்ட போட்டவங்க பைபிள்ல சங்கீத புஸ்தகம் முழுக்க இருக்காங்க, அந்த பக்கத்த எல்லாம் யாரும் கிழிச்சு போடல.

ஒரு விஷயம் கவனி. ரோமர் 8:28ல நம்ம தமிழ் வேதத்துல என்ன போட்டிருக்கு? "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது." சகலமும் நன்மைன்னு போடல. தோல்வி தோல்விதான். அத எடுத்து தேவன் ஒரு நன்மை பக்கமா நடத்திட்டு போறாரு, அத நாம பல நேரம் ரொம்ப பின்னாலதான் பார்க்கிறோம். மோசே தேவ மகிமைய காட்டுன்னு கேட்டப்ப, என் முகத்த பார்க்க முடியாது, பின்பக்கத்த காண்பாய்னு பதில் வந்துச்சுல்லா. எனக்கு வாழ்க்கைல தெரிஞ்சதும் அந்த அளவுதான், அவர் கடந்து போன பிறகு முதுகு.

களக்காட்டுக்கு பக்கத்துல டோனாவூர் இருக்கே, ஏமி கார்மைக்கேல் அம்மா இருந்த ஊரு. 1867ல வட அயர்லாந்து பக்கம் பொறந்தவங்க. சின்ன பிள்ளையா இருக்கும்போது அவங்களுக்கு ஒரே ஏக்கம், கண்ணு அம்மா மாதிரி நீலமா இல்லையேன்னு. ராத்திரி ஜெபம் பண்ணிட்டு படுத்து காலைல எழும்பி கண்ணாடிய பார்த்தா அதே பழுப்பு கண்ணு. அழுகையா வந்திருக்கும்லா. அவங்க நம்ம பக்கம் வந்து, இந்து கோயில்கள்ல விடப்பட்ட சின்ன பொம்பளப் பிள்ளைங்கள காப்பாத்துற வேலைல இறங்கி, சேலை கட்டி, கைய எல்லாம் கருக்கிட்டு நம்ம ஆளு மாதிரி போக வேண்டி வந்தப்போதான் தெரிஞ்சுது, நீலக் கண்ணு இருந்தா தூரத்துலயே காட்டிக் குடுத்திருக்கும்னு. அந்த மூணு வயசுல கேட்டதுக்கு "இல்ல"ன்னு வந்த பதிலுக்கு அர்த்தம் விளங்க எத்தன வருஷம் ஆச்சு பாரு.

ஆனா தம்பி, இதே அம்மா 1931ல ஒரு குழியில விழுந்து அடிபட்டாங்க, அதுக்கப்புறம் 1951ல இறக்குற வரைக்கும் கிட்டத்தட்ட 20 வருஷம் பெரும்பாலும் அந்த ஒரே ரூம்லதான். அங்க இருந்தே நிறைய புத்தகம் எழுதினாங்க, பிள்ளைங்கள விசாரிச்சாங்க, எல்லாம் உண்மை. அதுக்காக அந்த வலி நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன், 20 வருஷம் வலிச்சது அவங்களுக்கு. பழுப்பு கண்ணுக்கு காரணம் தெரிஞ்சுது, விழுந்ததுக்கு அந்த மாதிரி ஒரு காரணத்த நாம உக்காந்து கண்டுபிடிக்க வேண்டாம். ரெண்டு காலத்துலயும் அவர் கூட இருந்தாரு, அது போதும்னுதான் அந்த அம்மா இருந்தாங்க. கல்லறைக்கு தலைக்கல்கூட கிடையாது, பறவைங்க தண்ணி குடிக்க ஒரு தொட்டி மட்டும் வச்சிருக்காங்க, போனா பாத்துட்டு வா.

உனக்கு நான் சொல்றது என்னன்னா, இப்பவே இத ஆசீர்வாதம்னு சொல்லணும்னு உன்ன யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மூணாவது தடவ எழுதணுமா வேற வேலைக்கு போகணுமான்னு உன் வயசையும் வீட்டு நிலமையையும் வச்சு யோசி, விவரம் தெரிஞ்ச ஒருத்தருகிட்ட கேளு. பவுல் அப்போஸ்தலரே அந்த கால ஆசியா மாகாணத்துல வசனம் பேச முடியாம, பித்தினியாவுக்கு போகப் பார்த்து அங்கயும் முடியாம, கடைசியில துரோவாவுக்கு வந்து நின்னாரு. அங்க வச்சுதான் மக்கெதோனியாவுக்கு வரச்சொல்லி தரிசனம் வந்துச்சு. அந்த ரெண்டு அடைபட்ட கதவுக்கும் நடுவுல அவரும் நடந்துக்கிட்டேதான் இருந்தாரு, உக்காந்துடல.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்துல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி தண்ணி நின்னுட்டு, நாங்க தப்பிச்சோம். கோயில்ல சாட்சி சொல்லணும்னு வீட்டுக்காரர் சொன்னாரு. ஆனா முன்வரிசையில உக்காந்திருக்கிறவங்க வீடு முழுசா போச்சு. என்னால வாய தொறக்க முடியல, இன்னைக்கு வரைக்கும் சொல்லல. அது நன்றி கெட்டதனமா?
— ஸ்ரீவைகுண்டம் பக்கம்

பதில்: இல்லம்மா. உங்க வாய அடைச்சதே அன்புதான்னு நான் நம்புறேன். அந்த 17, 18 தேதிய நம்மள்ல யாரு மறப்பா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுது, ஆறும் குளமும் ரோடும் ஒண்ணாயிட்டு. "எங்க வீட்ட கர்த்தர் காத்தாரு"ன்னு மைக்ல சொன்னா, வீடு போனவங்க காதுல அது "உங்க வீட்ட காக்கல"ன்னுதான் விழும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேரு செத்தப்ப, அவங்க மத்தவங்கள விட குற்றவாளிங்கன்னு நினைக்கிறீங்களான்னு இயேசு கேட்டுட்டு "அப்படியல்ல"ன்னு அவரே சொன்னாரு, லூக்கா 13. தண்ணி வந்த தெருவுலயும் ஜெபிக்கிறவங்க இருந்தாங்க.

அதுக்காக நன்றிய உள்ளேயே வச்சு புதைக்கவும் வேண்டாம். அன்னைக்கு ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்கு கிளம்பின ரயிலு ஸ்ரீவைகுண்டத்துல நின்னுச்சே, உங்களுக்கு நல்லா தெரியும். முன்னால தண்டவாளத்துக்கு கீழ ஜல்லி எல்லாம் அடிச்சுட்டு போயிட்டு. சுமார் 800 பேரு உள்ள. வண்டி ஏன் நிக்குன்னு எத்தன பேரு எரிச்சல்பட்டிருப்பாங்க, அவங்கள காப்பாத்தினதே அந்த நிப்புதான். ஆனா எனக்கு அதவிட பெருசா தெரியுறது புதுக்குடி ஊர்க்காரங்க. அவங்களே வெள்ளத்துல இருந்துக்கிட்டு, வீட்டுல இருந்த அரிசிய போட்டு சமைச்சு அந்த ஜனங்களுக்கு கொண்டு குடுத்தாங்க, யாரு என்ன சாதி என்ன மதம்னு கேட்டா குடுத்தாங்க? ரயிலுக்குள்ள எத்தனையோ பேரு எத்தனையோ சாமிகிட்ட வேண்டியிருப்பாங்க, பதில் ஒரு அண்டா சோறா வந்துச்சு.

நீங்களும் மைக்க பிடிக்க வேண்டாம், அந்த முன்வரிசை வீட்டுக்கு போங்க. இப்பவும் அவங்களுக்கு கட்டி முடிக்காத சுவரு இருக்கும், போகாத கடன் இருக்கும், நனஞ்சு போன சர்டிபிகேட்டுக்கு அலைஞ்சுக்கிட்டு இருக்கலாம். அழுகிறவங்களோட அழுங்கன்னு ரோமர் 12ல இருக்கு. ரொம்ப நாள் கழிச்சு அவங்களே ஒருநாள் "நீங்க சாட்சி சொல்லலியா"ன்னு கேப்பாங்க, அப்ப சொல்லுங்க.

கேள்வி: ஞாயிறு பள்ளி டீச்சரா இருக்கேன். கண்ணுக்கு தெரியாத ஆசீர்வாதத்த ஏழு எட்டு வயசு பிள்ளைங்களுக்கு எப்படி சொல்லிக் குடுக்க?
— உடன்குடி

பதில்: உங்க ஊருக்கு பக்கத்துலயே தேரிக்காடு இருக்கே டீச்சர், வேற எங்க போகணும். செக்கச்செவேல்னு மணலு, எவ்வளவு மழை பெஞ்சாலும் மேல ஒரு சொட்டு நிக்காது, ஓடையா ஓடவும் செய்யாது, அப்படியே குடிச்சுடும். பாக்கிறவங்களுக்கு வெறும் காடு. ஆனா அந்த தண்ணி எல்லாம் அடியில இறங்கி நிக்கிறதாலதான் தேரி ஓரத்துல சுனை இருக்கு, கிணத்துல தண்ணி ஊறுது. பிள்ளைங்கள ஒரு சனிக்கிழம கூட்டிட்டு போய் ஒரு குடம் தண்ணிய மணல்ல ஊத்த சொல்லுங்க, எங்க போச்சுன்னு கேளுங்க, அப்புறம் பக்கத்து தோட்டத்து கிணத்த எட்டிப் பார்க்க வைங்க. எட்டிப் பார்க்கும்போது கைய பிடிச்சுக்கோங்க. விளக்கம் ரொம்ப குடுக்காதீங்க, அதுங்களே பிடிச்சுக்கும்.

வீட்டுப்பாடமா ஒண்ணு குடுங்க: ராத்திரி படுக்கும்போது இன்னைக்கு நடக்காம போன ஒரு கெட்டத யோசிச்சுட்டு வரணும். என் பேத்தி "இன்னைக்கு பஸ்ல வாந்தி வரல"ன்னு சொன்னா. அதவிட நல்ல பதில் நான் கேட்டதில்ல.

கேள்வி: காணிக்கை கவர்ல ஒண்ணும் எழுதாம வெறும் கவர் போட்டா கர்த்தர் ஏத்துக்குவாரா?
— நாசரேத்

பதில்: போடுங்க. எங்க அம்மைக்கு எழுத படிக்க தெரியாது, எங்ககிட்ட எழுத சொல்லவும் மாட்டாவ. வருஷா வருஷம், உலை வைக்கும்போது கோயிலுக்குன்னு எடுத்து வச்ச கைப்பிடி அரிசி வித்த காசையும் கருப்பட்டி காசையும் கவர்ல போட்டு, மூலையில பென்சில வச்சு ஒரு சின்ன வட்டம் மட்டும் போட்டு குடுப்பாவ. ஐயர் அத வாசிக்க மாட்டாரு, அடுத்த கவருக்கு போயிடுவாரு. அது என்ன வட்டம்னு நான் கல்யாணம் ஆகி வந்த பிறகு ஒருநாள் கேட்டேன். "கலயம்மா, அப்பா கட்டின கலயம்"னு சொன்னாவ.